சிம்மைக் கழட்டி வீட்டுல வச்சுட்டுப் போகாதீங்க: வெளிநாட்டுல இருந்து இலவசமா மெசேஜ் அனுப்புறது எப்படி?

எபிசோடின் எழுத்து வடிவம். பேச்சு நடையை முடிந்தவரை அப்படியே வைத்து, வாசிக்க வசதியாகத் தொகுத்திருக்கிறோம்.

இந்த எபிசோடுக்குக் காரணம் நீங்க அனுப்பின கேள்விகள்தான். "முதல் தடவையா சிங்கப்பூர் போறேன், வீட்டுக்கு மெசேஜ் பண்ண அங்க சிம் வாங்கணுமா?" "துபாய்ல வாட்ஸ்அப் வேலை செய்யுமா?" "இந்திய சிம்மைக் கழட்டிட்டா என் வாட்ஸ்அப் போயிடுமா?" இந்த மூணுதான் திரும்பத் திரும்ப வருது.

சுருக்கமான பதிலை முதல்லயே சொல்லிடறேன். மெசேஜ் போய்ச் சேர இன்டர்நெட் மட்டும் போதும். ஆனா அந்த அக்கவுண்ட் உங்களோடதுதான்னு நிரூபிக்க, உங்க நம்பர் உயிரோட இருக்கணும். முதல் விஷயம் எல்லாருக்கும் தெரியும். ரெண்டாவதை மறந்துட்டு ஃப்ளைட் ஏறுறவங்கதான் மாட்டிக்கிறாங்க.

நான் பேசறது காஞ்சிபுரம் பிள்ளையார்பாளையத்துல இருந்து. பின்னாடி தறி சத்தம் கேட்டா அது பக்கத்து வீடு, கண்டுக்காதீங்க. எங்க ஏரியாவுல நிறைய வீட்டுக்கு வாட்ஸ்அப்தான் கடை. சிங்கப்பூர்ல, கோலாலம்பூர்ல, நியூ ஜெர்சில இருக்கறவங்க முந்தி போட்டோ பார்த்து, கரை கலர் சொல்லி, சேலைக்கு ஆர்டர் கொடுக்கறது அந்த நம்பருக்குத்தான். அதனால நம்பர் போச்சுன்னா இங்க என்ன ஆகும்னு நாங்க கண்ணால பார்த்திருக்கோம். அதுக்கு அப்புறம் வர்றேன்.

ஏன் இது இலவசமா இருக்கு?

எஸ்எம்எஸ் போறது போன் கம்பெனியோட நெட்வொர்க்ல. முதல் எஸ்எம்எஸ் போனது 1992 டிசம்பர் 3. ஒரு மெசேஜுக்கு இங்கிலீஷ்ல 160 எழுத்து. தமிழ்ல எழுதினா 70தான். அந்த 70லயும் புள்ளி, கொம்பு, காலெல்லாம் தனித்தனியா எண்ணப்படும். "வந்துட்டேன்"னு அடிச்சா நம்ம கண்ணுக்கு ஆறு எழுத்து, எஸ்எம்எஸ் கணக்குல பதினொண்ணு. வெளிநாட்டுல இருந்து தமிழ்ல நாலு வரி அனுப்பினா அது மூணு நாலு எஸ்எம்எஸ்ஸா உடையும், ஒவ்வொண்ணுக்கும் தனித்தனியா காசு. அந்தக் காலத்துலயே தமிழ்ல மெசேஜ் அனுப்ப வழி பண்ணினவர் மலேசியாவைச் சேர்ந்த முத்து நெடுமாறன். அவரோட செல்லினம் 2005ல சிங்கப்பூர்ல அறிமுகமாச்சு. தமிழ் அடிக்க முடிஞ்சுது, ஆனா அனுப்புற கட்டணம் அப்படியேதான் இருந்தது.

வாட்ஸ்அப், சிக்னல், டெலிகிராம், நம்ம ஊர் அரட்டை எல்லாம் போற வழி வேற. இன்டர்நெட்டுக்கு நீங்க மதுரையில இருந்தாலும் ஒண்ணுதான், மணிலால இருந்தாலும் ஒண்ணுதான். மெசேஜுக்குன்னு தனிக் கட்டணம் கிடையாது. டேட்டாவுக்கு மட்டும்தான் காசு. அந்த டேட்டா ஹோட்டல் வைஃபையா இருந்தா அதுவும் இல்ல. எழுத்து மெசேஜ் சில கேபிதான். ஒரு நிமிஷ வாய்ஸ் நோட்டுக்கு ஒரு எம்பிகூட ஆகாது. வீடியோ கால்தான் டேட்டாவைக் குடிக்கும்.

தறி வீட்டுல வளர்ந்தவங்களுக்கு இதைச் சுலபமா சொல்லலாம். பாவை ஒரு தடவை ஏத்தினா அது அப்படியே நிக்கும். ஊடை நூல்தான் மாறிட்டே இருக்கும், இப்ப சிவப்பு, அடுத்தது பச்சை. உங்க நம்பர் பாவு மாதிரி. ஏர்போர்ட் வைஃபை, லோக்கல் சிம், இ-சிம் எல்லாம் ஊடை. ஊடையை எத்தனை தடவை மாத்தினாலும் பரவாயில்ல, பாவு அறுந்தாத்தான் பிரச்சினை.

அப்போ, செட்டிங்ல என்ன பண்ணணும்?

ஒண்ணு. விமானத்துல ஏறினதும் ஏரோப்ளேன் மோட் போடுங்க. சும்மா ரூலுக்காக இல்ல. சில விமானத்துலயும் உல்லாசக் கப்பல்லயும் சாட்டிலைட் வழியா ஓடுற மொபைல் நெட்வொர்க் இருக்கும். போன் தானா அதைப் பிடிச்சுக்கும், பில் கடுமையா வரும். ஏரோப்ளேன் மோட்லயே வைஃபையை மட்டும் தனியா ஆன் பண்ணிக்கலாம்.

ரெண்டு. இந்திய சிம்முக்கு டேட்டா ரோமிங்கை ஆஃப் பண்ணுங்க. சிம் போன்லயே இருக்கட்டும். பெரும்பாலான இந்திய சிம்ல, ரோமிங்ல இருக்கும்போது உள்ள வர்ற எஸ்எம்எஸ்ஸுக்குக் காசு இல்ல. பேங்க் ஓடிபி வர அது போதும். ஆனா இன்டர்நேஷனல் ரோமிங் சேவையை முன்னாடியே ஆன் பண்ணியிருக்கணும். கிளம்பறதுக்கு ரெண்டு நாள் முன்னாடி உங்க கம்பெனி ஆப்ல பார்த்துடுங்க. அங்க போய் இறங்கினப்புறம் பண்ணலாம்னு விட்டா, அதுக்கே ஒரு ஓடிபி கேட்கும்.

மூணு. அங்க டேட்டாவுக்கு இ-சிம் அல்லது லோக்கல் சிம் போடுங்க. போன்ல ரெண்டு சிம் வசதி இருந்தா, டேட்டா புது சிம்ல, எஸ்எம்எஸ் பழைய சிம்ல. வாட்ஸ்அப் "நம்பர் மாத்தவா?"ன்னு கேட்டா வேண்டாம்னு சொல்லுங்க. பழைய நம்பர்லயே ஓடும்.

நாலு. ஐபோன் வச்சிருக்கறவங்க இதைக் கவனிங்க. ஐமெசேஜ் இலவசம்தான், ஆனா நெட் இல்லாதப்போ அது சத்தமில்லாம எஸ்எம்எஸ்ஸா மாறிப் போகும். நீல நிறத்துக்குப் பதிலா பச்சை நிறம் வந்தா காசு போகலாம்னு அர்த்தம். செட்டிங்ல எஸ்எம்எஸ்ஸா அனுப்புற ஆப்ஷனை ஆஃப் பண்ணிடுங்க. ஆண்ட்ராய்டுல கூகுள் மெசேஜஸ் ஆப்லயும் இதே கதைதான்.

அஞ்சு. வாட்ஸ்அப்ல டூ-ஸ்டெப் வெரிஃபிகேஷன் போட்டு ஆறு இலக்க பின் வச்சுக்கோங்க, இமெயிலையும் சேர்த்துடுங்க. பொது வைஃபைல உங்க மெசேஜை கடைக்காரர் படிக்க முடியாது, 2016ல இருந்தே வாட்ஸ்அப்ல எண்ட்-டு-எண்ட் என்கிரிப்ஷன் இருக்கு. ஆபத்து வேற ரூபத்துல வரும். "உங்க கோடு தப்பா எனக்கு வந்துடுச்சு, இல்ல என் கோடு உங்களுக்கு வந்துடுச்சு, அனுப்புங்க"ன்னு தெரிஞ்சவங்க பேர்லயே மெசேஜ் வரும். அந்த ஆறு இலக்கத்தை யாருக்கும் அனுப்பாதீங்க.

எந்த ஊர்ல என்ன ஓடும்?

சிங்கப்பூர், மலேசியா, இலங்கை, ஐரோப்பா, அமெரிக்கா: மெசேஜ், கால் ரெண்டும் ஓடும்.

துபாய், அபுதாபி, அதாவது ஐக்கிய அரபு அமீரகம்: எழுத்து, போட்டோ, வாய்ஸ் நோட் எல்லாம் போகும். வாட்ஸ்அப் கால் மட்டும் அங்கத்து நெட்வொர்க்ல அடைச்சு வச்சிருக்காங்க. அனுமதி வாங்கின சில ஆப்லதான் கால் பேசலாம். அதனாலதான் வளைகுடாவுல இருக்கற நம்ம ஆளுங்க வாய்ஸ் நோட்ல மன்னர்கள். ஒரு காலத்துல கேசட்ல பேசிப் பதிவு பண்ணி ஊருக்குக் கொடுத்து விடுவாங்களே, அதே வேலைதான், இப்ப ரெண்டு செகண்ட்ல வந்துடுது.

சீனா: 2017ல இருந்து வாட்ஸ்அப் அங்க முடக்கம். ஹோட்டல் வைஃபைல ஓடாது, லோக்கல் சிம்லயும் ஓடாது. ஆனா இந்திய சிம்ல ரோமிங் டேட்டா போட்டா ஓடும். ஏன்னா ரோமிங்ல உங்க டேட்டா முதல்ல இந்தியாவுல இருக்கற கம்பெனிக்கு வந்து, அங்க இருந்துதான் இன்டர்நெட்டுக்குள்ள போகும். சீனா போறவங்க மட்டும் ரோமிங் பேக் வாங்கறது லாபம். விபிஎன் போட்டுக்கலாம்னு யாராவது சொன்னா, அந்த நாட்டுச் சட்டம் என்ன சொல்லுதுன்னு பார்த்துட்டு முடிவு பண்ணுங்க.

நம்பர் செத்துப்போனா என்ன ஆகும்?

இப்ப அந்தக் கதை. எங்க பெரியப்பா சேலை வியாபாரம். மகள் பிரசவத்துக்காக பெரியம்மாவும் அவரும் நியூ ஜெர்சிக்குப் போய் ஆறு மாசம் இருந்தாங்க. இந்திய சிம் ப்ரீபெய்டு. "வைஃபைலயே வாட்ஸ்அப் ஓடுதே, எதுக்கு மாசாமாசம் ரீசார்ஜ்?"னு விட்டுட்டார். நாலு மாசம் ஒரு குறையும் இல்ல. அங்க இருந்தே ஆர்டர் எடுத்தார், இங்க தறிக்காரங்களுக்குக் கலர் சொன்னார்.

அஞ்சாவது மாசம் போன் தண்ணில விழுந்துச்சு. மாப்பிள்ளை அன்னிக்கே புதுசு வாங்கிக் கொடுத்தார். வாட்ஸ்அப் இன்ஸ்டால் பண்ணி நம்பரைப் போட்டா ஓடிபி இந்திய நம்பருக்குப் போகுது. அந்த சிம் எப்பவோ செத்துப்போச்சு. பேக்கப் டிரைவ்ல இருக்கு, ஆனா அதைத் திறக்கவும் அதே நம்பரை வெரிஃபை பண்ணணும். ஊருக்கு வந்து கேட்டா நம்பரைத் திரும்பத் தர முடியாதுன்னுட்டாங்க. பத்து வருஷத்து வாடிக்கையாளர், டிசைன் போட்டோ, யார் எவ்வளவு பாக்கின்ற கணக்கு, எல்லாம் அந்த சாட்டுக்குள்ள. தை மாசக் கல்யாண ஆர்டர் பேசி வச்சிருந்த கோலாலம்பூர் குடும்பம், பதில் வரலன்னு வேற இடத்துல எடுத்துட்டாங்க. அந்த சீசன்ல ரெண்டு தறிக்கு வேலை இல்லாம போச்சு.

விதி இதுதான். ப்ரீபெய்டு நம்பர்ல தொடர்ந்து 90 நாள் எந்தப் பயன்பாடும் இல்லன்னா கம்பெனி அதைத் துண்டிக்கலாம். துண்டிச்ச நம்பரைக் குறைஞ்சது 90 நாள் கழிச்சு வேற ஒருத்தருக்குக் கொடுக்கலாம். அந்தப் புது ஆள் அதே நம்பர்ல வாட்ஸ்அப் போட்டா, உங்களுக்கு வர வேண்டிய மெசேஜ் அவருக்குப் போகும்.

இன்னொரு விஷயமும் சேர்ந்திருக்கு. 2025 நவம்பர் 28ல மத்திய தொலைத்தொடர்புத் துறை ஒரு உத்தரவு போட்டுச்சு. இந்திய நம்பர்ல ஓடுற வாட்ஸ்அப், டெலிகிராம், சிக்னல், அரட்டை மாதிரியான ஆப் எல்லாம், அந்த சிம் போனுக்குள்ள இருந்தாத்தான் இயங்கணும். கம்ப்யூட்டர்ல திறக்கற வெப் வாட்ஸ்அப் ஆறு மணி நேரத்துக்கு ஒரு தடவை லாக்அவுட் ஆகணும். கம்பெனிகளுக்குக் கொடுத்த கெடு 90 நாள். வெளிநாட்டுல இருந்துகிட்டு இந்திய நம்பரை வச்சு ஏமாத்துற மோசடியைத் தடுக்கத்தான் இதுன்னு சொன்னாங்க. சிம் போன்லயே இருந்து நீங்க ரோமிங்ல இருந்தா பாதிப்பு இல்லன்னு விளக்கமும் கொடுத்தாங்க. அதாவது, சிம்மைக் கழட்டி டப்பாவுல போட்டுட்டு வைஃபைல வாட்ஸ்அப் ஓட்டுற பழக்கத்தை நம்பி இனிமே பயணத் திட்டம் போடாதீங்க.

அதனால, குறைஞ்ச நாள் பயணம்னா திரும்பி வர்ற தேதி வரைக்கும் ரீசார்ஜ் போட்டுட்டுப் போங்க. நீண்ட நாள்னா, வீட்டுல யாராவது ஒருத்தர் இங்க இருந்தே மாசாமாசம் ரீசார்ஜ் பண்ணட்டும். போன் காலண்டர்ல தேதி போட்டு வைங்க. மாசாமாசம் உங்களுக்கு நீங்களே ஒரு ஓடிபி வரவச்சுப் பாருங்க, நம்பர் உயிரோட இருக்கான்னு தெரியும். நிரந்தரமா அங்கயே போறீங்கன்னா, பழைய நம்பர் ஓடும்போதே வாட்ஸ்அப் செட்டிங்ல "சேஞ்ச் நம்பர்" பண்ணிடுங்க. சாட்டும் குரூப்பும் புது நம்பருக்கு வந்துடும்.

வீட்டுல இருக்கறவங்க பக்கம்

நேர வித்தியாசத்தை மறக்காதீங்க. சிங்கப்பூர் நம்மைவிட ரெண்டரை மணி நேரம் முன்னாடி, துபாய் ஒன்றரை மணி நேரம் பின்னாடி. நியூ ஜெர்சி கோடையில ஒன்பதரை, குளிர்காலத்துல பத்தரை மணி நேரம் பின்னாடி. தறியில உட்கார்ந்தவங்களுக்குக் கையும் காலும் ஓய்வா இருக்காது, சத்தத்துல போன் மணியும் கேட்காது. அவங்களுக்குக் கால் பண்றதைவிட வாய்ஸ் நோட் நல்லது. நாடாவை நிறுத்திட்டு டீ குடிக்கும்போது கேட்டுப்பாங்க.

போட்டோ அனுப்பினா வாட்ஸ்அப் சுருக்கிடும். சேலை மாதிரி நுணுக்கம் தெரிய வேண்டியதை ஹெச்டி ஆப்ஷன்ல, இல்லன்னா டாக்குமெண்ட்டா அனுப்புங்க. ஜரிகை வேலை மங்காம போகும்.

கிளம்பறதுக்கு முன்னாடி அம்மா அப்பாகிட்ட ஒரு விஷயம் சொல்லிட்டுப் போங்க: "என் பேர்ல புது நம்பர்ல இருந்து அவசரமா பணம் கேட்டு மெசேஜ் வந்தா, என் குரலைக் கேட்காம அனுப்பாதீங்க." ஊர்ல இல்லாத பிள்ளை பேரைச் சொல்லித்தான் இந்த மோசடி நடக்குது.

இவ்வளவுதான் இன்னிக்கு. நீங்க போகப்போற நாட்டுல எது ஓடும், எது ஓடாதுன்னு சந்தேகம் இருந்தா வாய்ஸ் நோட்டா கேளுங்க, அடுத்த எபிசோட்ல பேசலாம். இந்த வாரம் யாராவது கிளம்பறீங்கன்னா, பெட்டி கட்டறதுக்கு முன்னாடி ரீசார்ஜ் எப்ப முடியுதுன்னு பாருங்க.