ஈய விஷம்: பிள்ளைகளைக் காப்போம்



ஈயம் என்றதும் சிலருக்கு அலுமினியச் சட்டி ஞாபகம் வரும். பள்ளிக்கூடப் பிள்ளைகள் கேகாலைப் பக்கம் போகலைச் சுரங்கத்தில் எடுக்கிற பென்சில் கரியைச் சொல்வார்கள். பாடப் புத்தகத்தில் அதற்குக் காரீயம் என்றுதான் பெயர். இங்கே நாம் பேசுவது இரண்டையும் அல்ல. லொறி, பஸ் பெற்றரிக்குள்ளே தகடு தகடாக இருக்கிறதே, அந்தப் பாரமான சாம்பல் நிற உலோகம். அது விஷம்.

ஆபிரிக்காவில் சாம்பியா நாட்டில் கப்வே என்றொரு ஊர். அங்கிருந்த ஈயச் சுரங்கத்தை 1994இல் மூடிவிட்டார்கள். சுரங்கம் போனது, ஈயம் போகவில்லை. கழிவு மண்ணிலிருந்து தூசி பறந்து வீட்டு வாசலில் படிந்தது. அந்த வாசலில்தான் பிள்ளைகள் விளையாடுகிறார்கள். ஈயம் இலைதழை மாதிரி உக்கிப்போகாது. எத்தனை வருடமானாலும் மண்ணில் கிடக்கும்.

நைஜீரியாவில் ஸம்ஃபாரா மாநிலத்தில் 2010இல் நடந்தது இன்னும் கொடுமை. பொன் எடுப்பதற்காக ஏழை சனங்கள் கல்லை வீட்டு முற்றத்திலேயே அரைத்தார்கள். அந்தக் கல்லில் ஈயமும் இருந்தது. 400க்கும் மேலான பிள்ளைகள் செத்துப்போனார்கள். அங்கே முற்றத்து மேல்மண்ணைச் சுரண்டி எடுத்து, தூரத்தில் புதைத்து, நல்ல மண் போட்ட பிறகுதான் வைத்தியம் சரிவந்தது. மருந்து குடித்த பிள்ளை திரும்பவும் அதே மண்ணில் தவழ்ந்தால் மருந்தால் என்ன பிரயோசனம்?

கண்டிப் பக்கம் ஈயச் சுரங்கம் இல்லையே, நமக்கென்ன என்று கேட்பீங்க. கரண்ட் வராத காலத்தில் லயத்தில் டிவி பார்க்கப் பெற்றரி வைத்திருந்தோம். இன்றைக்கு த்ரீவீலர் பெற்றரி. பழசானதும் லயத்துக்குப் பின்னால் போட்டுவிடுகிறோம். ஈயத்துக்கு விலை உண்டு என்று அதை உடைத்து உருக்குகிறவர்களும் உண்டு. 327 பாகை சூட்டில் ஈயம் உருகிவிடும், அதற்கு விறகடுப்பே போதும். செனகல் நாட்டில் டக்கார் நகரத்துப் பக்கம் 2007, 2008இல் இப்படிப் பெற்றரி ஈயம் சேர்த்த இடத்தில் 18 பிள்ளைகள் இறந்தார்கள். அங்கே சுரங்கமே கிடையாது.

சின்னப் பிள்ளை மண்ணைத் தொட்ட கையை வாயில் வைக்கும். பெரியவர்களைவிட நாலைந்து மடங்கு ஈயம் அதன் உடம்பில் ஏறும். இரத்தச்சோகை உள்ள, கல்சியம் குறைந்த பிள்ளைக்கு இன்னும் அதிகம். அதனால் திரிபோஷாவை ஆட்டுக்கும் கோழிக்கும் போடாமல் பிள்ளைக்கே கொடுங்க. ஈயம் எலும்பில் போய்த் தங்கி, தாய் கர்ப்பமாகும்போது வெளியே வந்து வயிற்றுப் பிள்ளைக்கும் போகும்.

பசியின்மை, வயிற்றுவலி, மலச்சிக்கல், சோர்வு, படிப்பு ஏறாமை எல்லாம் இதனால் வரலாம். கூடினால் வலிப்பு வரும். வயிற்றுவலி என்றால் பூச்சி மருந்து கேட்டு வாங்குவதுதான் நம் வழக்கம். "பெற்றரி உடைச்ச இடத்தில் பிள்ளை விளையாடுது" என்பதைத் தோட்ட வைத்தியரிடம் வாய் திறந்து சொல்லுங்க. சொன்னால்தானே அவர் இரத்தப் பரிசோதனைக்கு அனுப்புவார். வெளியே அறிகுறி தெரியாமலே பிள்ளையின் மூளையைக் கெடுக்கக்கூடியது இது.

பழைய பெற்றரியை உடைக்காமல் முழுசாகக் கடையில் கொடுங்க. உடைத்த இடம் இருந்தால் பிள்ளைகளை அண்ட விடாதீங்க. அந்த மண்ணை நீங்களே அள்ளி ஓடையில் போட வேண்டாம். கீழ் லயத்துக்காரர் அந்தத் தண்ணியைத்தான் குடிக்கிறார்கள், கொதிக்க வைத்தாலும் ஈயம் போகாது. தோட்ட நிர்வாகத்துக்கும் பொதுச் சுகாதாரப் பரிசோதகருக்கும் அறிவியுங்கள். அவர்கள் வரும்வரை நல்ல மண் போட்டு மூடி வைக்கலாம். காம்பராவுக்குள் விளக்குமாறால் கூட்டினால் தூசி கிளம்பும், ஈரத்துணியால் துடைப்பதே நல்லது. ஈய வேலை செய்த உடுப்பைத் தனியாகத் துவையுங்கள்.

பழைய கதவு, ஜன்னல் பெயின்டிலும் ஈயம் இருக்கலாம். பெயின்டில் ஈயத்துக்குச் சட்ட அளவு அமுலுக்கு வந்ததே 2013இல்தான். அதைச் சுரண்டுவதென்றால் தண்ணி தெளித்துச் சுரண்டுங்க, அந்த நேரம் பிள்ளைகளைப் பிள்ளை மடுவத்தில் விட்டுவிடுங்க.