மாதம் எவ்வளவு ஓட்டம்?

ராஜபாளையம் பஞ்சு மார்க்கெட் பக்கமோ ஸ்ரீவில்லிபுத்தூர் தேரடியிலோ ஒருவர் கார் வாங்கப்போவதாகச் சொன்னால், எதிரில் இருப்பவர் மூன்று கேள்வி கேட்பார். பெட்ரோலா டீசலா? மைலேஜ் என்ன தரும்? ஆன்ரோடு விலை எவ்வளவு? அனுபவப்பட்ட மெக்கானிக் மட்டும் இவற்றை விட்டுவிட்டு, "மாசம் எவ்வளவு ஓட்டம்?" என்று கேட்பார். நான்கில் உருப்படியான கேள்வி அதுதான். அதற்கு விடை தெரிந்துவிட்டால் பெட்ரோலா, டீசலா, கேஸா, மின்சாரமா என்பது பெரும்பாலும் தானாகவே முடிவாகிவிடும்.

டிஎன் 84 பலகை மாட்டிய சொந்தக் கார்கள் எங்கெல்லாம் போகின்றன என்று பாருங்கள். இரண்டு ஊருக்கும் நடுவே பதினொன்று, பன்னிரண்டு கிலோமீட்டர்தான். ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து சிவகாசி இருபது. ஆஸ்பத்திரிக்கோ விமானம் ஏறவோ மதுரை என்றால் ராஜபாளையத்திலிருந்து 85 கிலோமீட்டர் வரும். சாரல் பிடித்தால் குற்றாலம். சென்னைக்குப் பொதிகை எக்ஸ்பிரஸ் இருக்கிறது, காரை யாரும் அவ்வளவு தூரம் விரும்பி ஓட்டுவதில்லை. வாரம் மூன்று முறை பக்கத்து ஊர், மாதம் ஒரு முறை மதுரை என்று கூட்டினால் ஒரு குடும்பக் காரின் ஓட்டம் மாதம் 500 கிலோமீட்டரைச் சுற்றித்தான் நிற்கும். ஆலை வேலை, பேண்டேஜ் துணி வியாபாரம், சிவகாசி அச்சக ஆர்டர் என்று தினமும் அலைகிறவர்களுடைய ஓட்டம் வேறு. அவர்கள் 1,000 முதல் 2,000 வரை ஓட்டுவார்கள். இந்த இரு சாராருக்கும் ஒரே ஆலோசனை பொருந்தாது. ஷோரூமில் என்னவோ இருவருக்கும் ஒரே பேச்சுதான்.

முதலில் 500 கிலோமீட்டர்காரரின் கணக்கைப் போட்டுப் பார்ப்போம். எல்லாத் தொகையையும் உத்தேசமாகவே வைத்துக்கொள்வோம். கார் 9 லட்ச ரூபாய். ஐந்து வருடம் கழித்து விற்கும்போது பாதி விலைக்குப் போகிறது. அப்படியென்றால் தேய்மானம் மட்டும் மாதம் 7,500 ரூபாய். இன்சூரன்ஸ், சர்வீஸ், டயர், பேட்டரி என்று வருடத்துக்கு 30,000 வைத்தால் மாதம் 2,500. பெட்ரோல் லிட்டர் 102 ரூபாய், ஊருக்குள்ளும் வெளியிலுமாக லிட்டருக்கு 15 கிலோமீட்டர் என்றால் மாதம் 3,400 ரூபாய். மொத்தம் 13,400. ஒரு கிலோமீட்டர் போக ஏறக்குறைய 27 ரூபாய் ஆகிறது. அதில் பெட்ரோலின் பங்கு 7 ரூபாய்கூட இல்லை. கடனுக்கான வட்டியை நான் இதில் சேர்க்கவே இல்லை.

பங்கில் கையை விட்டுப் போகும் பணம் கண்ணுக்குத் தெரிகிறது, வாசலில் நிற்கும் கார் தின்னும் பணம் தெரிவதில்லை. அதனால்தான் மைலேஜைப் பற்றியே பேசித் தீர்க்கிறோம். 15 கொடுக்கும் காருக்குப் பதிலாக 20 கொடுக்கும் காரை வாங்கினால் இவருக்கு மிச்சம் மாதம் 850 ரூபாய். ஒரு லட்சம் குறைவான விலையில் கார் வாங்கினாலும், தேய்மானக் கணக்கில் கிட்டத்தட்ட அதே 830 ரூபாய் மிச்சமாகும். ஆனால் சன்ரூஃப் வைத்த மாடலுக்கு ஒரு லட்சம் கூடுதலாகக் கொடுக்கும்போது யாரும் இந்தக் கணக்கைப் போடுவதில்லை. வாடகைக் கார்க்காரர் கேட்கும் கிலோமீட்டர் கட்டணத்தை அந்த 27 ரூபாயோடு ஒப்பிட்டுப் பார்த்தால் சொந்தக் கார் தேவையா என்ற சந்தேகமே சிலருக்கு வரலாம். நள்ளிரவில் அம்மாவுக்கு மூச்சுத்திணறல் என்றால் வாசலில் வண்டி நிற்கும் தைரியத்துக்கு விலை போட முடியாது என்பதும் உண்மைதான்.

பெட்ரோல் விலையில் நம் கையில் ஒன்றுமில்லை. 2017 ஜூன் முதல் தினசரி விலை மாற்றம் என்று முறை வந்தது. பிறகு அது பெரும்பாலும் பேருக்குத்தான் என்றாகிவிட்டது. 2024 மார்ச்சில் 2 ரூபாய் குறைத்த பிறகு நெடுநாள் விலை அசையவில்லை. ஜிஎஸ்டிக்குள் வராததால் மத்திய அரசின் கலால் வரி ஒரு பக்கம், மாநிலத்தின் வாட் ஒரு பக்கம். தமிழ்நாட்டில் பெட்ரோலுக்கு 13 சதவீதத்தோடு லிட்டருக்கு 11.52 ரூபாயும் சேர்த்து வாட் என்பது 2021 ஆகஸ்ட் பட்ஜெட்டில் 3 ரூபாய் குறைத்தபோது வந்த கணக்கு. கேரளத்தில் இதைவிட அதிகம். ஆரியங்காவு வழியாக வரும் கேரள வண்டிகள் செங்கோட்டைக்கு இந்தப் பக்கம் வந்து டேங்க்கை நிரப்பிக்கொள்வது அதனால்தான்.

இப்போது அதிகம் காதில் விழும் புகார் எத்தனால் கலந்த இ20 பெட்ரோல் பற்றியது. "முன்ன மாதிரி மைலேஜ் இல்லை" என்று பழைய ஆல்டோ, ஸ்விஃப்ட் வைத்திருப்பவர்கள் சொல்வது வெறும் பிரமை இல்லை. எத்தனாலில் உள்ள வெப்ப ஆற்றல் பெட்ரோலைவிட ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு குறைவு. 20 சதவீதம் கலந்தால் மைலேஜ் சற்றுக் குறையத்தான் செய்யும். நிதி ஆயோக் 2021இல் வெளியிட்ட திட்ட அறிக்கையே, 10 சதவீதக் கலப்புக்குச் சரிசெய்யப்பட்ட பழைய கார்களில் 6 முதல் 7 சதவீதமும், 20 சதவீதத்துக்கென்றே சரிசெய்யப்பட்ட கார்களில் 1 முதல் 2 சதவீதமும் குறையலாம் என்று சொன்னது. 500 கிலோமீட்டர்காரருக்கு இதனால் கூடுதல் செலவு மாதம் 200 ரூபாய் சுற்றி வரும். எரிச்சல்தான், ஆனால் வண்டியை மாற்றும் அளவுக்கு இல்லை.

பழைய வண்டிகளில் கவனிக்க வேண்டியது ரப்பர் பாகங்களைத்தான். 2023 ஏப்ரலுக்குப் பிறகு வந்த கார்களில் குழாய், சீல் எல்லாம் எத்தனால் தாங்கும்படி செய்யப்பட்டவை. அதற்கு முந்தைய வண்டி என்றால் சர்வீஸின்போது எரிபொருள் குழாயில் வெடிப்பு, கசிவு இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். எத்தனால் ஈரத்தை இழுக்கும். மகன் வெளிநாட்டில், வண்டி செட்டில் என்று மாதக்கணக்கில் நிற்கும் கார்களுக்கு இது நல்லதல்ல. வாரம் ஒரு முறை பத்து கிலோமீட்டராவது ஓட்டிவிடுவது நல்லது. எத்தனால் கலந்தும் விலை ஏன் குறையவில்லை என்ற கேள்வியும் நியாயமானதே. நம் மாவட்டத்து மானாவாரி நிலங்களிலும் விளையும் மக்காச்சோளத்திலிருந்து எடுக்கும் எத்தனாலுக்கு அரசு நிர்ணயித்த கொள்முதல் விலை லிட்டர் 71.86 ரூபாய். வரி சேராத பெட்ரோலைவிட அது மலிவாக இருக்கவில்லை. இ20 வேண்டாம், பழைய பெட்ரோலையும் விற்க வேண்டும் என்று தொடுத்த பொதுநல மனுவை 2025 செப்டம்பர் 1 அன்று உச்ச நீதிமன்றம் தள்ளுபடி செய்துவிட்டது.

டீசலைப் பற்றி அதிகம் பேச வேண்டியதில்லை. 2012 வாக்கில் பெட்ரோலுக்கும் டீசலுக்கும் லிட்டருக்கு 30 ரூபாய் வித்தியாசம் இருந்தது. அன்று டீசல் கார் வாங்கியவர் கெட்டிக்காரர். 2014 அக்டோபரில் டீசல் விலைக் கட்டுப்பாடு நீங்கியது, வித்தியாசம் இன்று பத்து ரூபாய்க்குள் சுருங்கிவிட்டது. 2020 ஏப்ரலில் பிஎஸ்6 மாசு விதி வந்தபோது மாருதி டீசல் கார் செய்வதையே நிறுத்திக்கொண்டது. டீசல் காருக்குக் கூடுதலாகக் கொடுக்கும் ஒன்றேகால் லட்சத்தைத் திரும்ப எடுக்க உத்தேசமாக 65,000 கிலோமீட்டருக்கு மேல் ஓட்ட வேண்டும். மாதம் 500 என்றால் பதினோரு வருடம் ஆகும். இன்னொரு சிக்கல் புகைக்கரியைப் பிடித்துவைக்கும் ஃபில்டர். வண்டி நல்ல வேகத்தில் தொடர்ந்து ஓடினால்தான் அந்தக் கரி எரிந்து வெளியேறும். ராஜபாளையத்தில் ஏறி ஸ்ரீவில்லிபுத்தூரில் இறங்குகிற ஓட்டத்தில் எஞ்சின் சூடேறுவதற்குள் ஊர் வந்துவிடும். ஃபில்டர் அடைத்து விளக்கு எரிந்தால் செலவு ஆயிரங்களில் போகும். மாதம் 2,000 கிலோமீட்டருக்குக் குறையாமல் நெடுஞ்சாலையிலேயே ஓட்டுபவர் மட்டும் டீசலை யோசிக்கலாம்.

சிஎன்ஜி நடுவழி. காருக்கு 90,000 ரூபாய் வரை கூடுதல் விலை. கிலோமீட்டருக்கு இரண்டு ரூபாய் மிச்சம் என்றால் 45,000 கிலோமீட்டரில் போட்டது திரும்பும். மாதம் ஆயிரம் ஓட்டுபவருக்கு நான்கு வருடத்துக்குள் கணக்கு நேராகும். ஆனால் டிக்கி போய்விடும். மதுரை விமான நிலையத்துக்கு நான்கு பெட்டியோடு போகிற குடும்பத்துக்கு அது சங்கடம். ஒரு நிறுவனம் சிறு சிலிண்டர்கள் இரண்டைத் தரையோடு பதித்துக் கொஞ்சம் இடம் விட்டுவைக்கிறது. குழாய் வழியாக இல்லாமல் லாரியில் கேஸ் கொண்டுவந்து நிரப்பும் பங்குகளில் அழுத்தம் குறைந்தால் சிலிண்டர் முழுதாக நிரம்பாது, அடுத்த லோடு வரும்வரை காத்திருக்க நேரும். ஆகவே நீங்கள் தினம் போகும் வழியிலேயே சிஎன்ஜி பங்க் இருந்தால் மட்டும் வாங்குங்கள். சிலிண்டரை மூன்று வருடத்துக்கு ஒரு முறை சோதனை செய்வது கட்டாயம். வீட்டுச் சமையல் கேஸைக் காரில் ஏற்றும் வேலை சட்டப்படி குற்றம், உயிருக்கும் ஆபத்து.

மின்சாரக் கார் பற்றித்தான் சற்று நின்று பேச வேண்டும். ஏனென்றால் இதில் மிச்சம் எவ்வளவு என்பதைத் தீர்மானிப்பது காரைவிட உங்கள் வீட்டு ஈபி பில்தான். நம் மின்கட்டணத்தில் இரண்டு மாதத்துக்கு 500 யூனிட் என்பது ஒரு கோடு. 2024 ஜூலை கட்டணப்படி, 500 வரை உபயோகித்தால் முதல் 100 இலவசம், அடுத்த 100 யூனிட் 2.35 ரூபாய், 400 வரை 4.70, 500 வரை 6.30. ஒரு யூனிட் தாண்டிவிட்டால் அந்த 2.35 ரூபாய் சலுகை போய், அதற்கும் 4.70 கட்ட வேண்டும். 500 யூனிட்டுக்கு 1,805 ரூபாய் வரும் பில், 501 ஆனால் 2,048 ரூபாய். மேலே போகப் போக 8.40, 9.45 என்று ஏறும்.

ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து தினமும் சிவகாசி போய்வருபவரை எடுத்துக்கொள்வோம். மாதம் ஆயிரம் சொச்சம், இரண்டு மாதத்தில் 2,100 கிலோமீட்டர். சார்ஜ் ஏற்றும்போது வீணாவதையும் சேர்த்து யூனிட்டுக்கு 7 கிலோமீட்டர் என்றால் 300 யூனிட் வேண்டும். அவர் வீட்டில் ஏற்கெனவே 200 யூனிட்தான் ஓடுகிறது என்றால் கூடுதல் பில் 1,570 ரூபாய். இரண்டு ஏசி ஓடி 400 யூனிட் ஆகிற வீடு என்றால் 2,650. அதே தூரத்துக்குப் பெட்ரோல் 14,000 ரூபாயைத் தாண்டும். வருடத்துக்கு 70,000 மிச்சம். மூன்றரை லட்சம் கூடுதல் விலை கொடுத்திருந்தாலும் ஐந்து வருடத்தில் ஈடாகும். பேட்டரிக்குப் பெரும்பாலான நிறுவனங்கள் தரும் உத்தரவாதம் 8 வருடம். 500 கிலோமீட்டர்காரருக்கோ அதே மூன்றரை லட்சம் திரும்பப் பத்து வருடம் ஆகும்.

வரியையும் பாருங்கள். 2023 நவம்பர் முதல் 10 முதல் 20 லட்ச ரூபாய் காருக்குத் தமிழ்நாட்டில் ஆயுட்கால வரி 18 சதவீதம். 12 லட்ச ரூபாய் காருக்கு 2.16 லட்சம். மின்சாரக் காருக்கு மாநில அரசு இந்த வரியில் முழு விலக்கு அளித்துவந்தது. வாங்கும் நாளில் அது நடப்பில் உள்ளதா என்று ஆர்டிஓ அலுவலகத்தில் கேட்டுவிட்டு முன்பணம் கொடுங்கள். வித்தியாசம் மூன்றரை லட்சமா ஒரு லட்சமா என்பதே இதைப் பொறுத்ததுதான்.

வாசலில் நிறுத்த இடம் இல்லாதவர்கள் மின்சாரக் காரை மறந்துவிடலாம். ஸ்ரீவில்லிபுத்தூர் ரத வீதிகளையொட்டிய பழைய வீடுகளில் காரை எங்கோ ஒரு காலி மனையில்தான் விடுகிறார்கள். அங்கே பிளக் ஏது? வாடகை வீடு என்றால் வீட்டுக்காரர் சம்மதம் வேண்டும். சொந்த வீட்டிலும் 16 ஆம்பியர் தனி லைன், சரியான எர்த் இரண்டும் இல்லாமல் சார்ஜ் போடக் கூடாது.

எந்தக் காராக இருந்தாலும் சில மிச்சங்கள் செலவில்லாமல் கிடைக்கும். டயரில் காற்று சரியாக இருக்கட்டும், அது பங்கில் இலவசம். ஆனி, ஆடியில் தென்காசிப் பக்கம் போகும்போது எதிர்காற்று மைலேஜைத் தின்னும். திருமங்கலம் வரை நான்குவழிச் சாலை முழுமையானால் நேரம் குறையும், பெட்ரோல் குறையாது. 80இல் போகிற வண்டி 100இல் போனால் காற்றின் தடை ஒன்றரை மடங்குக்கு மேல் கூடுகிறது. காலையில் போட்டால் பெட்ரோல் அதிகம் கிடைக்கும், 100க்குப் பதில் 110 ரூபாய்க்குப் போட்டால் அளவு சரியாக இருக்கும் என்பதெல்லாம் கதை. பெட்ரோல் தரைக்கடியில் இருக்கிறது, அதன் வெப்பநிலை அவ்வளவு சீக்கிரம் மாறாது. அளவில் சந்தேகம் வந்தால் முத்திரையிட்ட 5 லிட்டர் அளவையில் பிடித்துக் காட்டச் சொல்ல உங்களுக்கு உரிமை உண்டு. 25 மில்லிக்கு மேல் குறைந்தால் எடையளவுத் துறையில் புகார் செய்யலாம். மதுரைக்கு அடிக்கடி போய் கப்பலூரில் சுங்கம் கட்டுபவர்களுக்கு, 2025 ஆகஸ்ட் 15 முதல் 3,000 ரூபாய்க்கு 200 முறை கடக்கும் ஃபாஸ்டேக் ஆண்டு பாஸ் வந்தது. அந்த விலையில் ஒரு முறைக்கு 15 ரூபாய்தான், ஆனால் வருடத்தில் எத்தனை முறை கடக்கிறீர்கள் என்று பார்த்து எடுங்கள்.

இப்போது கையில் இருக்கும் வண்டியின் மீட்டரை இன்று குறித்துவைத்து, இரண்டு மாதம் கழித்து இன்னொரு முறை குறியுங்கள். அதே இரண்டு மாதத்து ஈபி பில்லையும் எடுத்துவைத்துக்கொள்ளுங்கள். மாதம் 700 கிலோமீட்டருக்குள் என்றால் விலை குறைந்த பெட்ரோல் கார் போதும். ஆயிரத்தைத் தாண்டி, வாசலில் இடமும் இருந்தால் மின்சாரம். இடம் இல்லை, வழியில் பங்க் இருக்கிறது என்றால் சிஎன்ஜி. இந்த இரண்டு தாளும் கையில் இல்லாமல் ஷோரூமுக்குப் போகாதீர்கள்.