இடையில் நின்ற படிப்பு

பாடசாலையை இடையில் விட்ட பிள்ளையைப் பற்றி ஊரார் கூறும் தீர்ப்பு பெரும்பாலும் ஒன்றேயாம். "அவனுக்குப் படிப்பு ஏறவில்லை" என்பர். அத்துடன் அவ்விஷயம் முடிந்ததென எண்ணி அப்பாற் செல்வர். பதினைந்து, பதினாறு வயதிலே ஒரு பிள்ளையின் படிப்பு முடிந்துவிட்டது என்று தீர்ப்புக் கூற நமக்கு உரிமை உண்டா என்பதைப் பெற்றோரும் ஆசிரியரும் சற்றே சிந்தித்தல் நன்று.

வறுமை கல்விக்குத் தடையாதல் கூடாது என்னும் நோக்குடன், கன்னங்கரா அவர்களின் பெருமுயற்சியால் 1945ஆம் ஆண்டில் நம் நாட்டில் இலவசக் கல்வி நடைமுறைக்கு வந்தது. 1980இல் பாடநூல்களும், 1993இல் சீருடைத் துணியும் இலவசமாக வழங்கப்படலாயின. 1998 முதல் பதினான்கு வயது வரை என்றிருந்த கட்டாயக் கல்வி, 2016இல் பதினாறு வயது வரை நீட்டப்பட்டது. இத்தனை வசதிகள் இருந்தும், க.பொ.த. சாதாரண தரப் பரீட்சைக்கு முன்னரே வகுப்பை விட்டு நீங்கும் பிள்ளைகள் ஊர்தோறும் இருக்கத்தானே செய்கின்றனர்!

ஏன் நிற்கின்றனர்?

கல்விக்குக் கட்டணம் இல்லை. ஆயினும் செலவு உண்டு. கொப்பி, சப்பாத்து, பஸ் கட்டணம் ஆகியவற்றுக்கே வழியின்றித் தவித்த குடும்பங்களை 2022ஆம் ஆண்டின் பொருளாதார நெருக்கடியின்போது கண்டோம். தகப்பன் நோயுற்றால் மூத்த மகன் கடை வேலைக்குச் செல்கிறான். தாய் வெளிநாடு சென்றால், தம்பி தங்கையரைப் பராமரிக்க மூத்த மகள் வீட்டில் நிற்கிறாள். மலையகத் தோட்டங்கள் சிலவற்றிலோ, அருகிலுள்ள பாடசாலை ஆரம்ப வகுப்புகளுடன் முடிந்துவிடுகிறது. மேலே படிக்க நெடுந்தூரம் செல்ல வேண்டும்.

பிள்ளை ஒரே நாளில் நின்றுவிடுவதில்லை. முதலில் இரண்டு நாள் செல்லாதிருக்கும். அந்த இரண்டு நாளில் நடந்த கணக்குப் பாடம் மூன்றாம் நாள் விளங்காது. விளங்காமையால் ஏச்சு, ஏச்சுக்கு அஞ்சி மறுபடியும் இரண்டு நாள். இவ்வாறே வாரங்கள் மாதங்களாகின்றன. அதன்பின் வறுமை நீங்கினாலும் பிள்ளை திரும்புவதில்லை. ஏனெனில், வறுமையினும் பெரியதொரு தடை அப்போது குறுக்கே நிற்கின்றது. அதுவே வெட்கம்.

முதல் வாரம்

தன்னிலும் இரண்டு வயது இளையோருடன் ஒரே வாங்கில் அமர்வது எவ்வளவு கடினம் என்பதை அமர்ந்தவனே அறிவான். அவன் வகுப்பினுள் நுழையும்போது, "என்ன துரை, இப்போதுதான் வழி தெரிந்ததோ?" என்று ஆசிரியர் கேட்டு வகுப்பு முழுவதும் சிரித்துவிடின், மறுநாள் அவன் வரமாட்டான். "வா தம்பி, இப்படி இரு" என்ற ஒரு சொல் அவனை வகுப்பில் நிறுத்திவிடும். திரும்பி வரும் பிள்ளையின் எதிர்காலம் பெரும்பாலும் அந்த முதல் வாரத்திலேயே நிர்ணயமாகின்றது என்போம்.

வீட்டிலும் இவ்வாறே. அயல்வீட்டுப் பிள்ளையுடன் ஒப்பிட்டுப் பேசுதல் ஆகாது. எல்லாப் பாடங்களையும் ஒரே மூச்சில் படிக்குமாறு நெருக்குதலும் ஆகாது. தாய்மொழியையும் கணிதத்தையும் முதலில் செப்பனிட்டுக் கொண்டால் ஏனைய பாடங்களில் துணிவு பிறக்கும். நாள்தோறும் ஒரே நேரத்தில் ஒரு மணி நேரம், எவ்வித வீட்டு வேலையும் ஏவப்படாத ஒரு மணி நேரம், அப்பிள்ளைக்கு உரியதாகட்டும். பெண்பிள்ளைக்கு இது இன்னும் அவசியம்.

வழிகள் பல

பதினாறு வயது நிரம்பாதவராயின், அதிபரையோ வலயக் கல்வி அலுவலகத்தையோ அணுகி மீண்டும் பாடசாலையில் சேர்க்க முயலவேண்டும். வயது கடந்தோர் தனிப்பட்ட பரீட்சார்த்தியாகச் சாதாரண தரப் பரீட்சைக்குத் தோற்றலாம். தவறிய பாடங்களை அடுத்த தடவை மீண்டும் எழுதவும் இடமுண்டு. பகலில் உழைக்கும் இளைஞருக்கு இது உகந்த வழி. கல்வி அமைச்சின் முறைசாராக் கல்விப் பிரிவும் பாடசாலை செல்லாதோருக்கென உள்ளது. சாதாரண தரத்தில் சித்தியடையாதோரும் உயர்தர வகுப்பில் தொழிற் பாடங்களைக் கற்க வழிசெய்யும் பதின்மூன்று வருடக் கல்வித் திட்டம் 2017இல் ஆரம்பிக்கப்பட்டது. தொழில் கற்க விரும்புவோருக்குத் தேசிய தொழிற்றகைமை ஏழு படிகளைக் கொண்டது. அதன் ஏழாம் படி பட்டத்துக்கு ஒப்பானது.

காலம் கடந்துவிட்டதே என்று கவலையுறுவோர் ஒன்றை நினைவிற் கொள்ளல் வேண்டும். 2009இல் யுத்தம் முடிவுற்றபின், ஆயுதம் ஏந்த நேர்ந்த பிள்ளைகள் பலர் இரத்மலானை இந்துக் கல்லூரியில் தங்கிக் கல்வி கற்றுப் பொதுப் பரீட்சைகளுக்குத் தோற்றினர். அவர்கள் இழந்த ஆண்டுகளின் முன் நம் பிள்ளைகள் தவறவிட்ட மாதங்கள் எம்மாத்திரம்!

ஆகவே, பெற்றோர்களே, உங்கள் வீட்டிலோ அயலிலோ படிப்பை விட்ட பிள்ளை ஒருவர் இருப்பின், ஏன் விட்டாய் என்று கேளாதீர்கள். எந்தப் பாடத்திலிருந்து தொடங்கலாம் என்று கேளுங்கள். மாணவர்களே, உங்கள் வகுப்புக்கு அத்தகைய ஒருவர் திரும்பி வந்தால், சிரியாமல் உங்கள் கொப்பியைக் கொடுத்து உதவுங்கள். அதற்குக் காசு பணம் வேண்டியதில்லை. மனம் இருந்தாற் போதும்.