ஊர் கூடி எழுதுவோம்!

ஆடிப்பூரத்தன்று திருவில்லிபுத்தூர்த் தேரை நகர்த்துவது யார்? ஊரார் கைகள்! வடம் பிடித்தவர் எவரும் ‘தேர் என்னுடையது’ என்று உரிமை கொண்டாடுவதில்லை. கல்வித் தேரை மட்டும் தலைநகரில் சிலர் இழுக்கட்டும், மற்றவர் வேடிக்கை பார்க்கட்டும் என்பது என்ன நியாயம்? கேட்கிறோம்!

திருவில்லிபுத்தூரில் பென்னிங்டன் நூலகம் தோன்றிய ஆண்டு 1875. பக்கத்து இராசபாளையத்திலோ, சென்னை மாகாண முதலமைச்சராக இருந்த குமாரசாமி ராஜா தம் வீட்டையே காந்தி கலைமன்றத்துக்குக் கொடுத்தார். அன்று படிப்பதைப் பொதுவாக்கினர். இன்று எழுதுவதையே பொதுவாக்கலாம். இணையம் அதற்கு வழி திறந்திருக்கிறது.

2003இல் தொடங்கிய தமிழ் விக்கிப்பீடியாவைப் பாருங்கள். அங்கே கூலி கிடையாது, பட்டமும் கேட்பதில்லை. ஒருவர் கட்டுரையைத் தொடங்குகிறார். மற்றவர் பிழை திருத்துகிறார். மூன்றாமவர் படம் சேர்க்கிறார். 2017இலேயே கட்டுரைகள் ஓர் இலட்சத்தைத் தாண்டிவிட்டன!

‘கண்டவரெல்லாம் எழுதினால் பிழை மலியாதா?’ என்பார்கள். பிழை வரும்தான்! ஆனால், யார், எதை, எப்போது மாற்றினார் என்பது அங்கே பதிவாகிறது. சான்றில்லாத வரியை நீக்கலாம். பழைய வடிவை மீட்கலாம். அச்சேறிய பிழையோ, அடுத்த பதிப்பு வரும்வரை அசையாது.

மாநிலம் முழுமைக்குமான பாடநூல், சத்திரப்பட்டி விசைத்தறியில் பேண்டேஜ் துணி உருவாகும் விதத்தை விளக்கிக்கொண்டிருக்க முடியாது. சாம்பல் நிற அணிலுக்காக 1988இல் நம் மலையில் சரணாலயம் அமைந்த கதைக்கு அதில் ஒரு வரி கிடைத்தால் பெரிது. இவற்றை எழுத வேண்டியவர் யார்? தறிச் சத்தத்தில் வளரும் பிள்ளையும், மலையடிவாரத்துப் பிள்ளையும்தான்! பார்த்ததை மட்டும் எழுதினால் போதாது, அச்சான சான்று காட்ட வேண்டும். அதற்கு ஆசிரியர் துணை உண்டு, நூலகம் உண்டு.

ஆசிரியர்கள் பலர் பாடக்குறிப்பும் படங்களும் ஆக்குகிறார்கள். ஒருவர் பட்ட பாடு அவர் கைப்பேசியோடு நின்றுவிடுகிறது. அடுத்த பள்ளியில் இன்னொருவர் அதே பாட்டைப் படுகிறார். வீண் உழைப்பல்லவா இது? ‘ஆக்கியவர் பெயரைச் சொல்லி எவரும் எடுத்தாளலாம், திருத்தலாம்’ என்ற பொது உரிமத்தோடு வெளியிட்டால், இராசபாளையத்தில் வரைந்த படம் யாழ்ப்பாணத்துப் பிள்ளைக்கும் பயன்படும்.

அரசை நாம் கேட்பது பெரிதல்ல. அரசுப் பள்ளிக் கணினிக் கூடங்களில் வாரம் ஒரு மணி நேரத்தை இதற்கென ஒதுக்குங்கள். அந்த உழைப்பை ஆசிரியரின் பணிக்கணக்கில் சேருங்கள். ஓய்வு நேரத் தொண்டென்று தட்டிக் கழிக்காதீர்கள்!

காசு கொடுத்துத் தனிப்பயிற்சி பெறும் வீட்டுப் பிள்ளைக்கு எல்லாம் கிடைத்துவிடும். நூற்பாலைத் தொழிலாளியின் மகளுக்கு? அவளுக்கும் கிடைக்க வேண்டும். தமிழில் கிடைக்க வேண்டும், விலையின்றிக் கிடைக்க வேண்டும். என்றோ ஒரு நாள் அல்ல, வருகிற பள்ளி ஆண்டிலேயே!