பிள்ளையின் டிக்கைத் தூண்டுவது எது?

சேத்துப்பட்டு, ஆரணிப் பக்கத்து நெசவு வீடுகள் பலவற்றில் தறி இருக்கும் கூடத்தில்தான் பிள்ளைகளும் உட்கார்ந்து படிப்பார்கள். பையன் கண்ணை இறுக்கி இறுக்கிச் சிமிட்டத் தொடங்கினால் எல்லோர் கண்ணிலும் உடனே பட்டுவிடும். “நிறுத்துடா” என்று அப்பா தறியில் இருந்தபடியே அதட்டுவார். “பிள்ளை எங்கயோ பயந்துட்டான், கூட்டிப்போய் மந்திரிச்சுட்டு வா” என்பார் ஆயா. சில வாரங்களில் சிமிட்டல் போய்விடும். மந்திரித்தது பலித்தது என்று எல்லோரும் நிம்மதி அடையும்போது தோளைக் குலுக்க ஆரம்பிப்பான், அல்லது தொண்டையைச் செருமிக்கொண்டே இருப்பான்.

இது சேட்டை இல்லை

மருத்துவர்கள் இதை ‘டிக்’ என்கிறார்கள். பெரும்பாலும் ஐந்து முதல் ஏழு வயதுக்குள் தொடங்கி, பத்து முதல் பன்னிரண்டு வயதில் உச்சத்துக்குப் போய், வளர வளரக் குறையும். பெண் பிள்ளைகளைவிட ஆண் பிள்ளைகளிடம் அதிகம். பல பிள்ளைகளுக்கு ஓராண்டுக்குள்ளேயே நின்றுவிடும். பலவிதமான உடல் அசைவுகளோடு, செருமல், உறுமல் போன்ற ஒரு சத்தமாவது சேர்ந்து, ஓராண்டுக்கு மேல் விட்டு விட்டுத் தொடர்ந்தால் அதற்குப் பெயர் ‘டூரெட்’. 1885-இல் இதை விவரித்து எழுதிய பிரெஞ்சு நரம்பியல் மருத்துவரின் பெயர் அது.

தும்மல் வருமுன் மூக்கில் ஏற்படும் குறுகுறுப்பைப் போல, டிக் வருமுன் பல பிள்ளைகளுக்கு அந்த இடத்தில் ஓர் உறுத்தல் எழும். அசைத்தால்தான் அடங்கும். கொஞ்ச நேரம் அடக்கலாம், ஆனால் அடக்க அடக்க உறுத்தல் கூடும். வகுப்பில் ஆசிரியருக்குப் பயந்து அடக்கிவைத்த பிள்ளை, மாலையில் வீட்டுக்கு வந்ததும் அடக்கியதை எல்லாம் விட்டுவிடுவது அதனால்தான். “பள்ளிக்கூடத்துல ஒண்ணும் இல்லையாம், இங்க வந்துதான் வேணும்னே பண்றான்” என்று அம்மா வருந்துவார். வீட்டில்தான் யாரும் கேலி செய்ய மாட்டார்கள் என்ற நம்பிக்கை அந்தப் பிள்ளைக்கு. அங்கேயும் திட்டினால் அவன் எங்கே போவான்?

காரணம் வேறு, தூண்டுதல் வேறு

டிக்குக்கு வேர் மூளையின் இயக்கத்திலும் பரம்பரையிலும் இருக்கிறது. வளர்ப்பில் குறை என்று பெற்றோர் குமைய வேண்டியதில்லை. ஆனால் இருக்கும் டிக்கை அதிகமாக்கும் தூண்டுதல்களைத் தேடிக் கண்டுபிடிக்க முடியும்.

ஒரு நோட்டு போதும். டிக் அதிகமான நேரம், அப்போது அவன் செய்துகொண்டிருந்த வேலை, பக்கத்தில் இருந்தவர்கள், முந்தைய இரவுத் தூக்கம் ஆகியவற்றை இரண்டு மூன்று வாரம் குறித்து வையுங்கள். சளி, காய்ச்சல் இருந்ததா என்பதையும் எழுதுங்கள். டிக் குறைந்த நேரங்களையும் விடாதீர்கள். கிரிக்கெட் ஆடும்போதும் படம் வரையும்போதும் பல பிள்ளைகளுக்கு டிக் மறைந்துபோகும்.

தூக்கக் குறைவு முதல் சந்தேகத்துக்கு உரியது. முகூர்த்த மாதங்களில் சேலையைச் சீக்கிரம் முடித்துக் கொடுக்க இரவில் நெடுநேரம் தறி ஓடும் வீட்டில், விளக்கும் சத்தமும் அடங்காமல் பிள்ளை எப்படித் தூங்கும்? நோட்டைப் புரட்டினால் அந்த வாரங்கள் தனியாகத் தெரியும். பரீட்சை இன்னொன்று. கோடை வெயிலிலும் சிலருக்கு டிக் கூடுகிறது. திருவிழா, கல்யாணம், ஊர்ப் பயணம் போன்ற சந்தோஷப் பரபரப்பும் தூண்டும். பயம்தான் காரணம் என்று முடிவுகட்டுகிறவர்கள் இதைத் தவறவிடுவார்கள்.

பதற்றம் வேறு முகத்தில் வரும்

பதற்றமும் டிக்கைக் கூட்டும். ஆனால் பிள்ளைகள் “எனக்குப் பதற்றமாக இருக்கிறது” என்று சொல்வதில்லை. திங்கட்கிழமை காலையில் வயிறு வலிக்கிறது என்பார்கள். ஒரே கேள்வியைத் திரும்பத் திரும்பக் கேட்பார்கள். தனியாகத் தூங்க மறுப்பார்கள். வகுப்பில் எழுந்து நின்று வாசிக்கச் சொல்வது, பள்ளி வேனில் ஒரு பையன் வைக்கும் பட்டப்பெயர், நெசவுக்கு வாங்கிய முன்பணத்தைப் பற்றி இரவில் அப்பாவும் அம்மாவும் போடும் சண்டை என்று எதுவும் பின்னால் இருக்கலாம். தூங்குகிறது என்று நாம் நினைக்கும் பிள்ளை அந்தச் சண்டையைக் கேட்டுக்கொண்டுதான் படுத்திருக்கும்.

டிக் வந்த பிறகு என்ன நடந்தது?

நோட்டில் பலர் எழுத மறப்பது இதைத்தான். எனக்கு இதுவே மிக முக்கியமாகப் படுகிறது. டிக் வந்ததும் வீடே திரும்பிப் பார்த்ததா? அதட்டினார்களா? ‘பாவம், இன்னிக்கு லீவு போடு’ என்றார்களா? நாம் பார்க்கிறோம் என்பதே டிக்கைக் கூட்டும், அதைப் பற்றிப் பேசினாலும் கூடும். வீட்டுப்பாடத்திலிருந்து விடுதலை கிடைத்தால், பிள்ளை திட்டமிடாமலேயே அடுத்த முறை வீட்டுப்பாட நேரத்தில் டிக் வலுக்கும். அதனால் நோட்டைப் பிள்ளையின் கண் முன்னால் எழுத வேண்டாம். டிக்கைக் கண்டும் காணாததுபோல் இருங்கள், பிள்ளையோடு வழக்கம்போலப் பேசுங்கள். ஆயாவிடமும் வகுப்பாசிரியரிடமும் இதைப் பொறுமையாகச் சொல்லிவைப்பது உங்கள் வேலை.

சிகிச்சை

லேசான டிக்குக்கு மருந்தே தேவைப்படாது. வலி, கேலி, படிப்பில் தடை என்று வந்தால் நடத்தைப் பயிற்சி உண்டு. உறுத்தல் எழும்போதே அந்த டிக்கைச் செய்ய விடாத வேறோர் அசைவைப் பழக்குவார்கள். செருமும் பிள்ளைக்கு வாயை மூடி மூக்கு வழியாக மெதுவாக மூச்சுவிடும் பழக்கம் போதலாம். கூடவே தூண்டுதல்களையும் சரிசெய்வார்கள். 2010-இல் அமெரிக்காவில் 126 பிள்ளைகளிடம் நடந்த ஆய்வில், இந்தப் பயிற்சி பெற்றவர்களில் பாதிக்குச் சற்று மேற்பட்டோருக்கு நல்ல முன்னேற்றம் தெரிந்தது. வெறும் ஆலோசனை மட்டும் பெற்றவர்களில் ஐந்தில் ஒருவருக்கும் குறைவு.

சிமிட்டலுக்குக் கண் அலர்ஜியும், செருமலுக்கு இளைப்பும் காரணமாக இருக்கலாம் என்பதால் முதலில் குழந்தை மருத்துவரிடம் காட்டுங்கள். நினைவு தப்பி வெறித்துப் பார்ப்பது, தொண்டைப்புண் வந்துபோன பிறகு கைகால்கள் தாமாகவே நெளிந்து ஆடுவது, ஓரிரு நாளில் திடீரெனப் பலமாகத் தொடங்குவது, கையெழுத்தோ நடையோ கெடுவது, புது மருந்து தொடங்கியதும் வருவது ஆகியவற்றில் எது இருந்தாலும் தாமதிக்க வேண்டாம். திருவண்ணாமலை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குப் போகலாம். ஆரணி வழியாக வேலூர் போனால் சி.எம்.சி. மருத்துவமனையில் குழந்தைகள் மனநலப் பிரிவு இருக்கிறது. யாரிடம் போவது என்று குழப்பமாக இருந்தால் அரசின் மனநல உதவித் தொலைபேசியான டெலி மனாஸ் எண் 14416-ஐ அழையுங்கள். இலவசம், தமிழில் பேசலாம். போகும்போது அந்த நோட்டையும், செல்போனில் எடுத்த ஒரு நிமிட வீடியோவையும் கொண்டுபோங்கள். மருத்துவர் முன்னால் உட்கார்ந்ததும் பல பிள்ளைகளுக்கு டிக் வராது.