11 வரி நிரல் காணாமல் போனது... புரோகிராமர்கள் திணறிப்போனார்கள்!

மணி 9:5 என்று எழுதினால் பார்க்கவே என்னவோ போல் இருக்கும். 9:05 என்றால்தான் மனசு ஒப்பும். ரசீது எண் 123 என்பதை 000123 என்று அச்சிடுவதும் இப்படித்தான். இடதுபுறம் தேவையான அளவுக்குப் பூஜ்யம் நிரப்பும் இந்த வேலைக்கு, சில வரி நிரல் போதும்.

பெயர்களை அகர வரிசையில் அடுக்குவது, இரண்டு தேதிகளுக்கு நடுவே எத்தனை நாள் என்று எண்ணுவது, போன் நம்பரில் 10 இலக்கம் இருக்கிறதா என்று பார்ப்பது... எந்த ஆப் என்றாலும் இப்படிப்பட்ட சில்லறை வேலைகள் இருக்கும். ஒவ்வொரு முறையும் இவற்றைப் புதிதாகவா எழுதுவார்கள்? மாட்டார்கள். ஏற்கெனவே எழுதிவைத்த துணுக்கை எடுத்துப் போட்டுக்கொள்வார்கள். அரைத்து வைத்த சாம்பார் பொடி மாதிரி!

அலமாரியில் இருந்த நூலகம்

இந்தப் பழக்கம் கம்ப்யூட்டர் பிறந்த காலத்திலேயே வந்துவிட்டது. இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் 1949-ல் இயங்கத் தொடங்கியது எட்சாக் கம்ப்யூட்டர். அதற்கான துணுக்குகளைத் துளையிட்ட காகித நாடாக்களில் பதிந்து அலமாரியில் வைத்திருந்தார்கள். வேண்டியவர்கள் எடுத்து நகல் செய்துகொள்ளலாம். டேவிட் வீலர் உள்ளிட்டோர் வளர்த்த அந்தச் சேகரிப்புக்கு 'நூலகம்' என்றே பெயர். இன்றும் புரோகிராமர்கள் 'லைப்ரரி' என்றுதான் சொல்கிறார்கள்.

இன்று அலமாரி இன்டர்நெட்டுக்கு மாறிவிட்டது. ஜாவாஸ்கிரிப்ட் மொழிக்கு 'என்பிஎம்' என்ற பொதுக் கிடங்கு இருக்கிறது. யாரும் எழுதிப் போடலாம், யாரும் இலவசமாக எடுக்கலாம்.

2016 மார்ச் 22

அசெர் கோச்சுலு என்ற புரோகிராமர் அந்தக் கிடங்கில் 'கிக்' என்ற பெயரில் ஒரு நிரலை வைத்திருந்தார். அதே பெயர் கொண்ட மெசேஜிங் நிறுவனம் அந்தப் பெயரைக் கேட்டது. அவர் மறுத்தார். கிடங்கை நடத்தியவர்களோ பெயரை நிறுவனத்துக்கே கொடுத்துவிட்டார்கள். கோபமடைந்த கோச்சுலு, தான் எழுதிய 273 நிரல்களையும் நீக்கிவிட்டார்.

அவற்றில் ஒன்று 'லெஃப்ட்-பேட்'. இடதுபுறம் பூஜ்யமோ இடைவெளியோ நிரப்பும் நிரல்தான். மொத்தமே 11 வரி.

அடுத்த நிமிடங்களில் உலகெங்கும் புரோகிராமர்களின் திரையில் பிழைச் செய்தி! ஓடிக்கொண்டிருந்த இணையதளங்கள் நிற்கவில்லை. ஆனால், புதிதாக நிறுவ முயன்ற ஏராளமான மென்பொருள்கள் பாதியில் நின்றன. 'பேபல்' போன்ற பிரபல கருவிகளே சிக்கிக்கொண்டன. அவர்களில் பலருக்கு லெஃப்ட்-பேட் என்ற பெயரே தெரியாது. அவர்கள் எடுத்த நிரல் இன்னொன்றை நம்பியிருந்தது, அது வேறொன்றை நம்பியிருந்தது. அந்தச் சங்கிலியின் கடைசிக் கண்ணியில் இந்த 11 வரி.

பத்தே நிமிடத்தில் இன்னொருவர் அதே வேலையைச் செய்யும் நிரலைப் போட்டார். அப்படியும் தீரவில்லை, பல மென்பொருள்கள் பழைய பதிப்பு எண்ணையே கேட்டு அடம்பிடித்தன. கடைசியில் கிடங்கு நிர்வாகமே பழைய நிரலை மீட்டு வைத்தது. அதற்குள் சுமார் இரண்டரை மணி நேரம் போய்விட்டது.

சில நாட்களிலேயே விதி மாறியது. வெளியிட்டு 24 மணி நேரம் கடந்த நிரலை, எழுதியவரே நினைத்தாலும் நிர்வாகத்தைக் கேட்காமல் நீக்க முடியாது என்றானது. 2017-ல் ஜாவாஸ்கிரிப்ட் மொழியே இந்த வேலைக்கென ஒரு வசதியைத் தன்னுள் சேர்த்துக்கொண்டது.

எடுக்கலாம்... எப்படி?

கோடிங் கற்கும் பிள்ளைகள் வீட்டுக்கு வீடு இருக்கிறார்கள். துணுக்கை எடுத்துப் பயன்படுத்துவது தப்பே இல்லை. மூன்று விஷயங்களைப் பழக்கிக்கொண்டால் போதும்.

1. வரிக்கு வரி புரிந்த பிறகே சேர்க்க வேண்டும். நாலைந்து வரி என்றால் நாமே எழுதிவிடலாம். வெளியிலிருந்து எடுத்தால், அதே பதிப்பின் நகலை நம்மிடம் வைத்துக்கொள்ள வேண்டும்.

2. வில்லங்கமான உதாரணம் கொடுத்துச் சோதிக்க வேண்டும். 'நாலால் வகுபட்டால் லீப் வருடம்' என்ற துணுக்கு 2024-க்குச் சரியாக விடை சொல்லும். 1900-ஐயும் 2100-ஐயும் கொடுத்தால் குட்டு உடையும். இரண்டுமே லீப் வருடம் இல்லை. 2000 லீப் வருடம்தான்.

3. எங்கிருந்து எடுத்தோம், யார் எழுதியது என்று மேலே ஒரு வரி குறித்துவைக்க வேண்டும். உரிம நிபந்தனை இருந்தால் அதையும் படிக்க வேண்டும்.

லெஃப்ட்-பேட் எழுதியவருக்கு அதைப் பயன்படுத்திய நிறுவனங்கள் சம்பளம் தரவில்லை. இதை எப்போதும் வைத்திருப்பேன் என்று அவரும் வாக்குத் தரவில்லை. ஆனாலும் அத்தனை பேர் அதன் மேல் கட்டிடம் எழுப்பியிருந்தார்கள். நம் மென்பொருளும் யாரோ எழுதிய சில வரிகளின் மேல்தான் நிற்கிறது. அவை எவை என்று தெரிந்து வைத்திருப்பவர்தான், அவசரத்தில் பதறாமல் வேலையை முடிப்பார்.