விசேட கல்வித் தேவை: பெற்றோர் அறிந்திருக்க வேண்டிய சட்டம்

"ஓட்டிசம் என்று டொக்டர் எழுதித் தந்தால்தானே பாடசாலை உதவி செய்யும்?" வைத்தியர்களாகிய எம்மிடம் தமிழ்ப் பெற்றோர் பலர் கேட்கும் கேள்வி இது. நிபுணரைச் சந்திக்க அவர்கள் காத்திருக்கும் காலத்தில் பிள்ளை வகுப்பில் பின்தங்கிக்கொண்டே போகிறது. ஆனால் இங்கிலாந்தின் சட்டம் அப்படிக் காத்திருக்கச் சொல்லவில்லை. (ஸ்கொட்லாந்து, வேல்ஸ், வட அயர்லாந்து ஆகியவற்றில் சட்டம் வேறு.)

2014ஆம் ஆண்டின் பிள்ளைகள் மற்றும் குடும்பங்கள் சட்டம் நோயின் பெயரைப் பார்ப்பதில்லை; பிள்ளையின் தேவையையே பார்க்கிறது. முதலில் பாடசாலையின் 'சென்கோ' ஆசிரியருடன் பேசுங்கள். பாடசாலையின் உதவி போதாவிட்டால், கல்வி, சுகாதார, பராமரிப்புத் திட்டத்துக்கான (ஈ.எச்.சி. பிளான்) மதிப்பீட்டை நீங்களே கவுன்சிலிடம் எழுத்தில் கேட்கலாம். பாடசாலையின் சம்மதம் அவசியமில்லை. தேவை தொடர்ந்தால் இத்திட்டம் 25 வயது வரை நீடிக்கலாம். வதிவிட அனுமதி முடிவாகாத குடும்பங்களின் பிள்ளைகளுக்கும் இவ்வுரிமை உண்டு.

கவனிக்க வேண்டிய காலக்கெடுக்கள்:

• மதிப்பீடு செய்வதா இல்லையா என்பதைக் கவுன்சில் 6 வாரங்களுக்குள் அறிவிக்க வேண்டும்.

• திட்டம் வழங்குவதாயின், விண்ணப்பித்த நாளிலிருந்து 20 வாரங்களுக்குள் முடிக்க வேண்டும்.

• மறுத்தால் தீர்ப்பாயத்துக்கு மேன்முறையீடு செய்யலாம். கடிதத் திகதியிலிருந்து 2 மாதங்கள், அல்லது மத்தியஸ்தச் சான்றிதழ் கிடைத்து 1 மாதம், இவற்றில் பிந்தியதே கடைசி நாள். கட்டணம் இல்லை. மறுப்புக் கடிதத்தை முடிந்த முடிவாக எண்ண வேண்டாம். அண்மைய ஆண்டுகளில் விசாரிக்கப்பட்டவற்றில் மிகப் பெரும்பாலானவை பெற்றோருக்குச் சாதகமாகவே முடிந்துள்ளன.

திட்டம் கைக்கு வந்ததும் 'எஃப்' பகுதியை வாசியுங்கள். அதில் எழுதிய கல்வி உதவியைக் கவுன்சில் கட்டாயம் வழங்க வேண்டும். "தேவைக்கேற்ப பேச்சுப் பயிற்சி" என்று இருந்தால் பிடி கொடுக்காது. "வாரம் ஒரு தடவை, 45 நிமிடம்" என்பது போல எழுதும்படி கேளுங்கள்.

அண்மைய மாற்றங்கள் இரண்டு. சுகாதார, சமூகப் பராமரிப்பு விடயங்களிலும் பரிந்துரை செய்யும் அதிகாரம் 2021 செப்டெம்பரிலிருந்து தீர்ப்பாயத்துக்கு நிரந்தரமாக்கப்பட்டது. வருடாந்த மீளாய்வுக் கூட்டத்தின் பின் திட்டத்தைத் திருத்துவதானால், 12 வாரங்களுக்குள் இறுதி வடிவம் தரவேண்டும் என 2022இல் உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. முழு முறையையும் சீர்திருத்துவது பற்றி அரசாங்கம் பேசி வருகிறது. ஆனால் அறிவிப்பு வேறு, சட்டம் வேறு. பாராளுமன்றம் சட்டத்தை மாற்றி, அது நடைமுறைக்கு வரும்வரை இன்றைய உரிமைகள் அப்படியே இருக்கும். செய்தியைக் கேட்டு விண்ணப்பத்தைத் தள்ளிப்போட வேண்டாம்.

மொழி பற்றியும் ஒரு வார்த்தை. வீட்டில் வேறு மொழி பேசுவதை மட்டும் வைத்து ஒரு பிள்ளைக்குக் கற்றல் குறைபாடு என்று கூற முடியாது என்கிறது இச்சட்டம். அதேபோல, தமிழிலும் பேச்சுத் தாமதமாக இருந்தால் "இரண்டு மொழி, அதுதான்" என்று விட்டுவிடக் கூடாது. தமிழில் பேசுவது பிள்ளைக்குத் தீங்கு செய்யாது. அதை நிறுத்த வேண்டியதில்லை.

கடிதங்கள் அனைத்தையும் திகதியுடன் ஒரு கோப்பில் வையுங்கள். ஒவ்வொரு கவுன்சில் பகுதியிலும் பெற்றோருக்கான 'சென்டியாஸ்' என்னும் இலவச, பக்கச்சார்பற்ற ஆலோசனைச் சேவை உண்டு. "சனம் என்ன சொல்லும்" என்று தயங்கும் ஒவ்வொரு தவணையும் பிள்ளையின் படிப்பில்தான் கழிகிறது. உதவி கேட்பதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.